பழைய பள்ளியின் நிழல்

 

எங்கள் மஹல்லாவின் பழைய கற்பள்ளியை இடித்துவிட்டு, அதே இடத்தில் இரண்டடுக்குப் பள்ளியை எழுப்பலாமா என்று ஜமாஅத்தில் ஆலோசனை நடந்து வருகிறது. ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை என்பதும், மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது என்பதும் உண்மையே. ஆயினும், அந்தக் கணக்கில் சேர்க்கப்படாத ஒன்று உண்டு. அது மக்களின் உடல்நலமும் மனநலமும் ஆகும்.

அப்பள்ளியின் திண்ணையில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து வருகிறேன். தடித்த சுவர்களும் உயர்ந்த கூரையும் சித்திரை வெயிலை உள்ளே அண்டவிடுவதில்லை. அஸர் தொழுத முதியவர்கள் மஃரிப் வரை ஹவ்ளின் ஓரத்திலேயே அமர்ந்திருப்பார்கள். மனைவியை இழந்து, வீட்டில் பேச ஆளற்றுப்போன ஒரு பெரியவர் நாள்தோறும் ஒரே தூணில் சாய்ந்துகொள்வார். "இது என் வாப்பா சாய்ந்த தூண்" என்பார். இரண்டு நாள் அவரைக் காணாவிட்டால், மூன்றாம் நாள் யாரேனும் சென்று அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தனிமை என்னும் நோய்க்கு இதைவிட எளிய மருந்தை நான் அறியேன்.

நபி (ஸல்) அவர்கள், மதீனாவில் தமது பள்ளி இருந்தும், ஹிஜ்ரத்தின்போது அமைத்த குபா பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் நடந்தும் வாகனத்திலும் சென்று தொழுதார்கள் என்பதை நாம் அறிவோம்.

பழைமையைக் காத்தே மக்களுக்கு நலம் சேர்க்க முடியும் என்பதற்குக் கெய்ரோ நகரம் சான்றாக நிற்கிறது. அங்கு சுமார் 500 ஆண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்டு மேடாகிப்போன நிலம், 2005ஆம் ஆண்டில் அல்-அஸ்ஹர் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். பணியின்போது, ஸலாஹுத்தீன் அய்யூபி காலத்தில் தொடங்கப்பட்ட நகர மதில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. ஆகா கான் அறக்கட்டளையினர் மதிலைச் சீரமைத்ததோடு நிற்கவில்லை. அதையொட்டிய தர்ப் அல்-அஹ்மர் பகுதியின் பழைய பள்ளிவாசல்களையும், எளிய மக்களின் வீடுகளையும் செப்பனிட்டார்கள். குப்பைமேட்டின் அருகே வாழ்ந்த மக்களுக்கு, மர நிழலில் நடக்க ஓர் இடம் கிடைத்தது.

கல்லுக்கும் தூணுக்கும் தனிப் புனிதம் உண்டென்று நான் கூறவில்லை. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால், முன்னோர் வக்ஃபாக விட்டுச்சென்ற ஓர் இடம் இன்றும் முதியவர்க்கு ஆறுதலும் பிள்ளைகளுக்குக் குளிர்ச்சியும் தருகிறதென்றால், அதுவும் ஓர் அமானிதமே. கூரையைச் செப்பனிட்டு, பள்ளிக்குப் பின்னுள்ள வெற்று நிலத்தில் புதிய கூடத்தைக் கட்டி இணைத்தால், ஜும்ஆவுக்கும் இடம் கிடைக்கும். பழைய பள்ளியும் நிலைக்கும்.

முடிவெடுக்கும் பொறுப்பிலுள்ளவர்கள், அதற்குமுன் ஒருநாள் அஸர் முதல் மஃரிப் வரை அந்த ஹவ்ளின் ஓரத்தில் முதியவர்களுடன் அமர்ந்து பார்க்க வேண்டுகிறேன். நன்மையானதைத் தேர்ந்தெடுக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.