மைதானத்திலே ஒரு மாநகரின் நெஞ்சம்

கொல்கத்தா மாநகரைக் காணச் செல்லும் நம்மவர் காளிகாட்டில் அன்னையைத் தொழுவர், தட்சிணேசுவரம் செல்வர், ஊக்ளி நதியைப் படகிற் கடந்து பேலூர் மடத்தை அடைவர். விக்டோரியா நினைவு மண்டபத்தின் வெண்சலவைக் கல்லை வியந்து, இனிப்புப் பண்டங்கள் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவர். இவை யாவும் காணத் தக்கனவே. ஆயினும், அந்நகர மக்களின் நெஞ்சத்தைக் காண விரும்புவோர் நகரின் நடுவே பரந்து கிடக்கும் பசும்புல் வெளிக்குச் செல்லுதல் வேண்டும். அதனை மைதானம் என்றே வழங்குவர்.

அப்புல்வெளியின் மரநிழல்களிலே உதைபந்தாட்டக் கழகங்களின் மனைகள் உள. கட்டடங்களாயினும் அவற்றைக் கூடாரங்கள் என்றே மக்கள் அழைக்கின்றனர். 1889 ஆம் ஆண்டில் தோன்றிய மோகன் பகான் கழகத்தின் நிறங்கள் பச்சையும் செம்பழுப்பும். 1920 ஆம் ஆண்டில் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் நிறங்கள் சிவப்பும் பொன்மஞ்சளும். முன்னதன் சின்னம் பாய்விரித்த படகு. பின்னதன் சின்னம் எரியும் தீப்பந்தம். இவ்விரு கழகங்களும் மோதும் நாளிலே ஒரே தெருவில் வாழ்வோரும், சில இல்லங்களில் ஒரே கூரையின்கீழ் வாழ்வோரும் இரு கட்சிகளாய்ப் பிரிந்து நிற்பர்.

இவ்வார்வத்தின் வேர் ஆழமானது. 1911 ஆம் ஆண்டு யூலை 29 ஆம் நாள், ஐ.எவ்.ஏ. கேடய இறுதியாட்டத்திலே, மோகன் பகான் வீரர்கள் ஆங்கிலேயரின் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை எதிர்த்து ஆடினர். பதினொருவருள் ஒருவரே காலணி பூண்டிருந்தார், ஏனையோர் வெறுங்காலினர். முதலிற் கோல் போட்டவர்கள் படையினரே. பின்னர்த் தலைவர் சிப்தாஸ் பாதுரி ஒரு கோலைப் போட்டுச் சமன்செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். திடலை நெருங்க இயலாது தொலைவில் நின்ற கூட்டத்தினர்க்குப் பட்டங்களைப் பறக்கவிட்டு ஆட்டத்தின் நிலையை அறிவித்தனர் என்பர். ஆளப்பட்ட மக்கள் ஆண்டவரைச் சமமான விதிகளின்கீழ் வென்ற நாள் அது. அந்நாளை மோகன் பகான் நாள் என இன்றும் கொண்டாடுகின்றனர்.

ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் கதை வேறொரு வகையில் உள்ளத்தைத் தொடுவது. 1947 ஆம் ஆண்டிலே நாடு பிரிவினையுற்றபோது, கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக் கணக்கான மக்கள் வீடும் வயலும் துறந்து இந்நகரை அடைந்தனர். தம் மண்ணின் பெயரைத் தாங்கிய கழகம் ஒன்று ஈண்டிருத்தலைக் கண்டு அதனைப் பற்றிக்கொண்டனர். இடம்பெயர்தலின் துயரை அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விரு கழகங்களும் மோதிய ஆட்டமொன்றைச் சோல்ற் லேக் விளையாட்டரங்கிலே காணும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. உடல்வலிமையின் சிறப்பை இளைஞர்க்கு உதைபந்தாட்டத்தைக் கொண்டே விளக்கிய சுவாமி விவேகானந்தரின் பெயரைத் தாங்கியது அவ்வரங்கு. 1997 ஆம் ஆண்டு யூலை 13 ஆம் நாள் இங்கு நடைபெற்ற ஆட்டத்தை ஓரிலட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கண்டனர். பைச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் போட, ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது.

நம் அருகிலே எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் சிவப்பும் மஞ்சளுமான சிறு கொடியுடன் அமர்ந்திருந்தார். எதிர்க்கட்சியார் பந்தைக் கொணருந்தோறும் அவர் கண்களை மூடிக்கொள்வார். ஆரவாரத்தின் திசையை அறிந்த பின்னரே திறப்பார். தம் கட்சி கோல் போட்டபோது, முன்பின் அறியாத நம்மை இறுகத் தழுவிக்கொண்டார். இறுதியில் அவர் கட்சி தோற்றது. கொடியை மெல்ல மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஆறுதலாக ஏதோ கூற முயன்றோம். அவர் ஆங்கிலத்திற் கூறியதன் கருத்து இது: “ஐயா, என் தந்தையார் 1950 இல் பரிசாலிலிருந்து வந்தார். ஊரையும் நிலத்தையும் இழந்தார்; அவை மீளவில்லை. இந்தத் தோல்வியை அடுத்த ஆட்டத்தில் மீட்டுக்கொள்ளலாம். மீட்கக்கூடிய இழப்பு இது ஒன்றுதானே!” நாம் மறுமொழி கூறவில்லை.

வெற்றியின் களிப்பு அடுக்களை வரை செல்கின்றது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் உல்லம் என நாம் வழங்கும் இலிஷ் மீன் அன்பர் இல்லங்களில் மணக்கும். மோகன் பகான் வென்றால் இறால் கொதிக்கும். மீன்காரர்க்கு இரு வகையாலும் ஆதாயமே.

ஆயின் இவ்வன்பு அளவிறந்தபோது விளைந்த கேட்டையும் மறைத்தல் தகாது. 1975 ஆம் ஆண்டுக் கேடய இறுதியாட்டத்திலே ஈஸ்ட் பெங்கால் 5–0 என வென்றது. அத்தோல்வியைத் தாங்காத மோகன் பகான் அன்பர் ஒருவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். 1980 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16 ஆம் நாள் ஈடன் தோட்ட அரங்கிலே, ஆடுவோரிடையே எழுந்த பூசல் காண்போரிடையே மூண்டது. நெரிசலில் அகப்பட்டுப் பதினாறு பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்க வீட்டினின்றும் புறப்பட்ட பதினாறு பேர்! அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் அந்நாளில் இரத்ததானம் வழங்குகின்றனர். குருதி சிந்திய நாளைக் குருதி கொடுக்கும் நாளாக மாற்றிக்கொண்ட பண்பு போற்றத் தக்கது.

அப்பண்பின் முதிர்ச்சியை 2024 ஆம் ஆண்டிலே உலகம் கண்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், அந்நகர மருத்துவமனை ஒன்றிலே பயிற்சி மருத்துவராயிருந்த இளம்பெண் ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்டார். நகரம் கொதித்தது. 18 ஆம் நாள் நடைபெறவிருந்த இவ்விரு கழகங்களின் ஆட்டம் பாதுகாப்பைக் காரணங்காட்டி நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லையாயினும் அன்பர்கள் அரங்கின் வாயிலில் திரண்டனர். பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் அருகருகே பறந்தன. ஒரு கழகத்தவர் மற்றைக் கழகத்தவரைத் தோளிற் சுமந்து, அப்பெண்ணுக்கு நீதி வேண்டுமென முழங்கினர். காவலரின் தடியடியையும் ஒன்றாகவே ஏற்றனர்.

பந்தொன்றின் பின்னே இத்துணை மனிதர் இன்புறுவதும் துன்புறுவதும் வீண் என்று கருதும் கற்றோர் நம்மிடையே உளர். கொல்கத்தாவைக் கண்டபின் நாம் அவ்வாறு கருதுவதற்கில்லை. ஒரு கழகத்தை நேசிப்பவன் தன் வசத்தில் இல்லாத ஒன்றில் நெஞ்சை வைக்கின்றான். தோல்வியுற்ற மறுநாளும் அதனைக் கைவிடாதிருக்கப் பழகுகின்றான். எதிரே கொடி பிடித்து நிற்பவனும் அதே பயிற்சியைப் பெறுகின்றான். ஆதலினாலேயே, நகருக்கு இடர் நேர்ந்தபோது இருவரும் ஒருவரையொருவர் எளிதில் அடையாளங் கண்டுகொண்டனர்.

கொல்கத்தா செல்லும் மாணவ நண்பர்களே, கோயில்களையும் மண்டபங்களையும் கண்ட பின் ஒரு மாலைப்பொழுதை மைதானத்துக்கும் ஒதுக்குங்கள். எந்தக் கட்சி என்று யாரேனும் வினவுவர். விடையிறுக்குமுன் சற்றே எண்ணிக்கொள்ளுங்கள். அன்றிரவு உங்கள் இலையில் வீழ்வது இலிஷ் மீனா இறாலா என்பதும் அதனையே பொறுத்தது.