நான் இரண்டில், பேரன் மூன்றில்

எழுபத்திரண்டு வயதில் வீடியோ கேம் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்தாள். "உங்க வாசகர்கள் பாதிப் பேர் கண்புரை ஆபரேஷன் பண்ணிண்டவா. இதை யார் படிப்பா?" என்றாள். படிப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏனென்றால் விஷயம் கிரிக்கெட். அதுவும் நம்ம சென்னையில் உருவான கிரிக்கெட்.

'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' என்று செல்போனில் ஆடும் ஒரு விளையாட்டு. பையன்கள் டபிள்யூ.சி.சி. என்பார்கள். உருவாக்கியது நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா என்ற சென்னை நிறுவனம். இரண்டாம் பாகம் 2015-இல் வந்தது, மூன்றாம் பாகம் 2020-இல். நான் ஆடுவது இரண்டு. பதினைந்து வயதுப் பேரன் ஆடுவது மூன்று. எது உசத்தி என்று அடையாறு வீட்டு ஊஞ்சலில் எங்களுக்குள் தினமும் வழக்கு.

நம் தலைமுறைக்கு மூல விளையாட்டு புக் கிரிக்கெட்தான். பாடப் புத்தகத்தைப் பிரித்தால் பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன். பூஜ்யம் வந்தால் அவுட். வாத்தியார் பார்த்தால் ஆட்டமே அவுட். அதில் பிட்ச் கிடையாது, காற்று கிடையாது, மழை கிடையாது.

இரண்டாம் பாகத்தில் அவ்வளவும் உண்டு. உயிரற்ற பிட்ச், தூசி பிட்ச், புல் பிட்ச் என்று வகை இருக்கிறது. அதற்கேற்பப் பந்து எழும்பும், திரும்பும். மழை வந்தால் டக்வொர்த்-லூயிஸ் கணக்கு. எளிய முறை, தேர்ந்தவர்களுக்கான முறை என்று பேட்டிங்குக்கு இரண்டு வழி. நான் எளிய முறைக்காரன். நல்ல டெஸ்ட் ஆட்டமும் ஆடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பதினொரு பேரும் என் கையில். ஆரம்பித்த மறு நிமிடமே நான் இந்தியாவின் கேப்டன்!

மூன்றாம் பாகத்தில் நிஜ கிரிக்கெட் வீரர்களை ஆடவைத்து, அவர்களின் உடலசைவைப் பதிவு செய்து சேர்த்திருக்கிறார்கள். பேட்ஸ்மேன் முன்காலை எடுத்து வைக்கும்போது மனிதர் நடப்பது போலவே இருக்கிறது. ஆங்கில வர்ணனையில் மேத்யூ ஹேடன் குரல் வருகிறது. 2001-இல் சேப்பாக்கத்தில் 203 ரன் அடித்து நம் வயிற்றில் புளியைக் கரைத்தாரே, அவரேதான். ஹர்பஜன் பதினைந்து விக்கெட் எடுத்து, கடைசியில் நாம் இரண்டே விக்கெட்டில் தப்பிய டெஸ்ட் அது. அவர் குரலைக் கேட்டாலே எனக்கு இன்னும் கொஞ்சம் படபடக்கும்.

ஆனால் பெரிய மாற்றம் இவை எதுவும் இல்லை. மூன்றாம் பாகத்தில் 'கேரியர் மோட்' என்று ஒன்று இருக்கிறது. அதில் நீங்கள் ஓர் அணி அல்ல, ஓர் ஆள். உள்நாட்டுப் போட்டியில் தொடங்கி, லீக்கில் தேறி, பிறகுதான் தேசிய அணிக்கு வர வேண்டும். எடுத்த எடுப்பில் கேப்டன் பதவியெல்லாம் கிடையாது.

போன வருஷம் பேரன் ஒரு வயதுப்பிரிவு அணித் தேர்வுக்குப் போனான். பட்டியலில் பெயர் வரவில்லை. வீட்டுக்கு வந்தவன் கிட் பேக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். மூன்று வாரம் அதைத் தொடவில்லை. எந்நேரமும் செல்போனில் அந்தக் கேரியர் மோட்தான். என் மகனுக்குக் கோபம், மருமகளுக்குக் கவலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இருபது ரன்னில் அவுட், எட்டு ரன்னில் அவுட், மறுபடியும் முதலிலிருந்து.

"ஏண்டா இப்படிக் கஷ்டப்படறே? என் ஆட்டத்துக்கு வந்தா உடனே இந்தியாவுக்கே ஆடலாமே" என்றேன்.

தலை நிமிராமல் சொன்னான்: "அதுல யாரும் என்னை செலக்ட் பண்ணலையே தாத்தா."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. முப்பத்தாறு வருஷ உத்தியோகத்தில் எத்தனை பதவி உயர்வுப் பட்டியல் பார்த்திருக்கிறேன்! நோட்டீஸ் போர்டில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டி, நம் பெயர் இல்லை என்று தெரிந்ததும் கடைசி வரியிலேயே கொஞ்ச நேரம் விரலை வைத்திருப்போமே, அது உங்களுக்கும் தெரியும். ஓய்வு பெற்றபின் இனி எந்தப் பட்டியலும் இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. அதனால்தான் பதினொரு பேரையும் கையில் கொடுக்கும் இரண்டாம் பாகம் எனக்கு இனிக்கிறது. அவனுக்கோ இனிமேல்தான் பட்டியல்கள். யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்தால்தான் அந்த இடத்துக்கு மதிப்பு என்பது அவனுக்கு இந்த வயதிலேயே புரிந்திருக்கிறது. பிட்சும் அசைவும் வர்ணனையும் எவ்வளவு மாறினாலும், இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் என் கணக்கில் இவ்வளவுதான். எது உசத்தி என்பது ஆடுகிறவனின் வயதைப் பொறுத்தது.

நாலாவது வாரம் கிட் பேக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. விளையாட்டுதான் அதைச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். பதினைந்து வயதுக் கோபத்துக்கு மூன்று வாரம் போதுமானதாகவும் இருந்திருக்கலாம். இப்போது காலை ஆறு மணிக்கே காந்தி நகர் பக்கம் பயிற்சிக்குக் கிளம்பிவிடுகிறான்.

அடுத்த தேர்வு கோடை விடுமுறையில். அதுவரை நான் தூசி பிட்சில் ஒரு டெஸ்ட் ஆடிக்கொண்டிருக்கிறேன். ஆறு விக்கெட் போய்விட்டது, பந்து கண்டபடி திரும்புகிறது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.