மூன்று துளைகளின் கிரமம்

சுவரில் பதித்திருக்கும் பிளக் பாயிண்டின் மூன்று துளைகளை ஒரு வீட்டுக்காரர் தம் ஆயுளில் எத்தனை ஆயிரம் முறை கண்டிருந்தாலும், அவற்றுள் ஒன்று மட்டும் ஏன் மேலே தனித்து நிற்கிறது, அது ஏன் மற்ற இரண்டையும்விடப் பருத்திருக்கிறது, கீழேயுள்ள இரண்டில் இது வலம், இது இடம் என்ற நியதி ஏதேனும் உண்டா என்றெல்லாம் விசாரிக்க வேண்டிய அவசியம் அவருக்கு நேர்வதில்லை. விளக்கு எரிந்தால் போதும். விசிறி சுழன்றால் போதும். ஆனால் வயரிங் தொழிலிலேயே வயதைக் கழித்துவிட்ட என் போன்றவர்களுக்கு அந்த மூன்று துளைகளும் மிகுந்த சிரத்தையுடன் யோசித்து வகுக்கப்பட்ட ஒரு கிரமம். அந்தக் கிரமத்தை மாற்றிப் பூட்டினாலும் சாதனம் குறையின்றி வேலை செய்யும் என்பதுதான் இத்தொழிலின் பெரிய அபாயமும், வயர்மேனின் மனச்சாட்சிக்கு வைக்கப்படும் பெரிய பரீட்சையும் ஆகும்.

எதிரே நின்று பார்க்கையில் மேலே எர்த், வலக்கைப் பக்கம் ஃபேஸ், இடக்கைப் பக்கம் நியூட்ரல் என்பது நம் நாட்டு முறை. நமக்குப் பழகிய உருண்டை முனைகள், பிரிட்டனில் 1934-இல் பி.எஸ். 546 என்று தரப்படுத்தப்பட்டவற்றின் வழிவந்தவை. அந்த நாடே 1947-இல், தட்டை முனைகளும் பிளக்கினுள்ளேயே ஒரு ஃபியூஸும் கொண்ட பி.எஸ். 1363 என்ற புதிய அமைப்பை வகுத்துக்கொண்டு, காலக்கிரமத்தில் பழையதை வீடுகளிலிருந்து பெரும்பாலும் விலக்கிவிட்டது. அதே ஆண்டில் சுதந்திரம் பெற்ற நாமோ உருண்டை முனையையே வைத்துக்கொண்டு, ஐ.எஸ். 1293 என்ற நம் சொந்தத் தரத்தில் அதை நிலைநிறுத்தி, 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்றிருந்தவற்றை 6, 16 என்று திருத்திக்கொண்டோம். தொழிலில் இருப்பவர்கள் இன்றும் ஃபைவ் ஆம்ப்ஸ், ஃபிஃப்டீன் ஆம்ப்ஸ் என்றே சொல்கிறோம். கடைக்காரருக்கும் அதுவே பழக்கம்.

எர்த் முனையின் பருமனைப் பார்த்து, மின்சாரம் அதில்தான் அதிகமாக ஓடும்போலும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. உண்மையில், சாதனம் பழுதின்றி இருக்கும்வரை அதில் மின்சாரம் ஓடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஃபைவ் ஆம்ப்ஸ் பிளக்கில் மற்ற இரு முனைகளின் விட்டம் சுமார் 5 மில்லிமீட்டர். எர்த் முனையின் விட்டம் சுமார் 7. ஆகவே, இருட்டில் தடவிச் செருகுகிறவர் எவ்வளவு முயன்றாலும் எர்த் முனையை ஃபேஸ் துளைக்குள் நுழைத்துவிட முடியாது. பருமனைவிட அதன் நீளத்தை நான் அதிகமாக மதிக்கிறேன். செருகும்போது முதலில் தொடுவதும், பிடுங்கும்போது கடைசியில் விலகுவதும் எர்த். சாதனத்தின் இரும்பு உடல் பூமியோடு சேர்க்கப்படாத நிலையில் ஒரு கணமேனும் மின்சாரம் அதற்குள் புகலாகாது என்ற சித்தாந்தத்தை, படிப்பறிவில்லாதவரும் தாமறியாமலே அனுசரிக்கும்படி, சில மில்லிமீட்டர் பித்தளையில் யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். குழந்தைகளின் விரலோ ஆணியோ போகாதபடி ஷட்டர் வைத்த பிளக்குகளில், கீழ்த் துளைகளின் கதவைத் திறந்துவிடுவதும் அந்த நீண்ட முனையே.

எர்த் ஏன் மேலே இருக்க வேண்டும்? பிளக் டாப் பாதி வெளியே வந்து நிற்கும்போது மேலிருந்து ஒரு கரண்டியோ தகடோ விழுந்தால், அது முதலில் அபாயமற்ற எர்த் முனையில் படும் என்று காரணம் சொல்வார்கள். அமெரிக்காவில் வீடுகளில் எர்த் துளையைக் கீழே வைப்பதே பெருவழக்கம். அங்குள்ள மின்விதித் தொகுப்பு இப்படித்தான் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் பல மருத்துவமனைகளில் மேற்சொன்ன காரணத்துக்காகவே அதை மேலே வைக்கிறார்கள். அந்தக் காரணம் சரியானதுதான். ஆனால் என் கையறிந்த காரணம் வேறு. நம் பிளக் டாப்பில் ஒயர் கீழ்ப்பக்கமாக நுழைகிறது; ஃபேஸ், நியூட்ரல் திருகுகள் அருகிலேயே இருக்க, எர்த் திருகு மட்டும் தூரத்தில் உச்சியில் இருக்கிறது. பச்சை ஒயரை மற்ற இரண்டையும்விடச் சற்றே நீளமாக, தளர்வாக வளைத்துக் கொண்டுபோய் அங்கே முடுக்கிவிட்டால், பிளக்கைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்து இழுக்கும் பழக்கம் எந்த வீட்டிலும் இல்லாமலில்லையாதலால், என்றேனும் உள்ளே ஒயர் அறும் நாளில் முதலில் அறுவது ஃபேஸும் நியூட்ரலும். கடைசிவரை பிடித்துக்கொண்டிருப்பது எர்த். மூன்றையும் ஒரே அளவாக வெட்டி அழகாகப் பூட்டும் இளைஞரைக் கண்டால் நான் அவிழ்த்து மீண்டும் பூட்டச் சொல்லிவிடுவேன்.

வலம் இடம் மாறினால் என்ன நேரும் என்பதை மாவரைக்கும் கிரைண்டரை வைத்துச் சொல்வதுதான் நம் வீடுகளுக்குப் பொருத்தம். சுவிட்ச் ஃபேஸ் கம்பியில் வந்திருந்தால், அணைத்தவுடன் பிளக்குக்குள் உயிருள்ள கம்பி எதுவும் இல்லை. அதுவே நியூட்ரலில் வந்துவிட்டால், அணைத்தவுடன் மோட்டார் நிற்கிறது. ஆனால் 230 வோல்ட் மின்னழுத்தம் சுருளெங்கும் அப்படியே நிற்கிறது. கரண்டை நிறுத்திவிட்டோம் என்ற பூரண நம்பிக்கையோடு, ஈரக் கையும் ஈரத் தரையுமாக வீட்டு அம்மாள் கிரைண்டரைக் கழுவ உட்காருகிறார். "மோட்டார்தான் ஓடுதே அண்ணே, இன்னும் என்ன பார்க்கணும்?" என்று கேட்கும் வீடுகளில், சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொரு துளையாக டெஸ்டரை வைத்து, நியான் எதிலும் மினுங்காததைக் காட்டிவிட்டுத்தான் நான் கிளம்புவது வழக்கம்.

எர்த் இல்லாமற்போவதோ இன்னும் ரகசியமான குற்றம். பிளக் டாப் கிடைக்கவில்லையென்று இரண்டு ஒயர் நுனிகளைத் தீக்குச்சியால் துளையில் திணிப்பதும், ஷட்டர் திறக்க ஸ்க்ரூ டிரைவரை எர்த் துளையில் குத்தி டூ பின்னை நுழைப்பதும் கல்யாண மண்டபங்களிலும் பட்டறைகளிலும் அன்றாடக் காட்சிகள். இவற்றைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். உடனே பலன் தெரிகிற காரியம் சரியான காரியம் என்று நம்புகிறவர்கள். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் சாதனங்கள் வந்துவிட்டன என்பது எனக்கு மிகுந்த ஆறுதல். ஆனால் எர்த் சரியாக இருந்தால் கசிவு தொடங்கும் தருணத்திலேயே அவை செயற்படும். எர்த் இல்லாவிட்டால் மனித உடல் அந்தப் பாதையாகும்வரை காத்திருக்கும்.

இக்காலத்தில் ஃபைவ் ஆம்ப்ஸ், ஃபிஃப்டீன் ஆம்ப்ஸ் இரண்டும் ஒரே பிளக்கில் பொருந்தும்படி துளைகளைச் சேர்த்துச் செய்கிறார்கள். சௌகரியம் உண்டு, மலிவான சரக்கில் நான் அதை விரும்புவதில்லை. இரு பருமன்களுக்கும் வளைந்து கொடுக்க வேண்டிய பித்தளைத் தகடு, நாளடைவில் எதையும் இறுக்கிப் பிடிக்காது. பிடிப்புத் தளர்ந்த இடத்தில் பத்தில் ஒரு ஓம் தடை ஏற்பட்டாலும், 16 ஆம்பியர் ஓடும்போது அங்கே பிறக்கும் வெப்பம் 25 வாட்டுக்குமேல். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் வைத்து மூடியதற்கு ஒப்பாகும் அது. வாட்டர் ஹீட்டர் பிளக்கின் வலத் துளை பழுத்துக் கறுத்திருப்பதை எத்தனையோ குளியலறைகளில் பார்க்கலாம்.

புது வீட்டில் வேலை முடிந்ததும், ஒரு ஹோல்டரில் நூறு வாட் பல்பைப் பூட்டி, அதன் இரு ஒயர்களை முதலில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் கொடுத்துப் பார்ப்பது பழைய வயர்மேன்களின் முறை. பிறகு ஃபேஸுக்கும் எர்த்துக்கும். கசிவுத் தடுப்புச் சாதனம் உள்ள வீட்டில் இரண்டாவதில் அது உடனே விழுந்துவிடுமாகையால் அங்கே மீட்டரைக் கொண்டே சோதிக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் இரண்டு முறையும் பல்பின் பிரகாசம் ஒன்றாயிருந்தால் எர்த் தொடர்பு இருக்கிறது. மங்கினாலோ, எரியாமலே போனாலோ, பிளக்கில் செய்ய ஒன்றுமில்லை. வீட்டின் பின்புறம் போய், கரியும் உப்பும் கொட்டிப் புதைத்த எர்த் குழாயின் மூடியைத் திறந்து, கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா, கோடையில் மண் வறண்டு கிடக்கிறதா என்று பார்த்து, வேண்டிய அளவு தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து மறுபடி சோதிக்க வேண்டும்.