ஸ்ட்ராபெர்ரியும் வாழைக்கன்னும்

புனே வந்து பதினொரு வருஷம் ஆச்சு மக்களே. நாலாவது மாடி பால்கனிதான் நம்ம நிலம், நீச்சு எல்லாம்.

2021 டிசம்பர்ல மகாபலேஷ்வர் போனப்ப (இங்கேருந்து 120 கிலோமீட்டர்) மகள் அடம்பிடிச்சு நாலு ஸ்ட்ராபெர்ரி நாத்து வாங்கினா. 2010ல புவிசார் குறியீடு வாங்கின ஊர் சரக்காச்சே, மார்ச் வரைக்கும் பழம் அருமை. ஜூலை மழையில நாலும் அழுகிப்போச்சு. ரெண்டு நாள் என்கிட்ட பேச்சே இல்லை.

அங்கத்திய விவசாயிங்க மழை முடிஞ்சதும் வருஷா வருஷம் புது நாத்துதான் நடறாங்க. நமக்குதான் பிடிவாதமாச்சே! மறுபடி வாங்கி, 2023 மழைக்கு மேல ஷீட் கட்டிக் காப்பாத்தினேன். செடி பிழைச்சுது. பழம் மட்டும் கோலிகுண்டு சைஸ்.

2024 மே மாசம் கும்பகோணத்துலேர்ந்து அம்மா பத்து நாள் வந்திருந்தாங்க. அப்பா போனப்புறம் அங்கே தனியாதான் இருக்காங்க. நான் கொடிகளை நறுக்கிப் போடறதைப் பார்த்துட்டு, "ஏண்டா, வாழை மாதிரிதானே இதுவும்? தார் போட்ட மரத்தைக் கட்டிக்கிட்டு அழறே, கன்னைத் தூக்கிப் போடறியே" ன்னாங்க.

அதுதாங்க விஷயம். காய்க்கிற காலத்துல கொடியை நறுக்கணும், அப்பதான் சத்து பழத்துக்குப் போகும். பழம் ஓய்ஞ்சதும் செடிக்கு ரெண்டு மூணு கொடியை விட்டுடணும். கொடியில இலை விடற கணுவை, மண் போட்ட சின்ன கப்புல வச்சு, ஹேர்பின்னை வளைச்சு அழுத்தி விடுங்க. ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல வேர் பிடிச்சிடும். அப்புறம் தாயோட இருக்கிற தொடர்பை வெட்டிடலாம். மழையில நனைய விடாதீங்க. அக்டோபர்ல புது மண், புது தொட்டி. நடும்போது குருத்து மண்ணுக்குள்ள புதையக் கூடாது, புதைஞ்சா அழுகல்தான். ரெண்டு மூணு வருஷம் காய்ச்ச தாய்ச்செடிக்கு விடை கொடுத்துடணும்.

கொடியை வெட்டற அன்னிக்கு அம்மா ஊருக்குப் போயிருந்தாங்க. போன்ல மகள் கேட்டா: "அப்பாயி, அம்மா செடிக்கு வலிக்காதா?"

"வேர் பிடிச்சப்புறமும் வெட்டாம வச்சிருந்தாதான்டி ரெண்டுக்கும் கஷ்டம்."

நிரந்தரமா இங்கேயே வந்துடுங்கம்மான்னு அன்னிக்கு மறுபடி கேக்கலாம்னு இருந்தேன். கேக்கலை.

2025 ஜனவரியில முதல் பழம் பழுத்துது. நல்ல பெரிய பழம். பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப டிபன் பாக்ஸ்ல வச்சு மகளே எடுத்துக்கிட்டு வந்தா. அம்மா ஒரு கடி கடிச்சுட்டு சொன்னாங்க: "புளிக்குது."