பேத்திக்குக் கேட்ட சத்தம்

போன வாரம் "கார் ரிப்பேர், சிதம்பரத்தில் இருக்கிறேன்" என்று ஒரே வரி போட்டேன். என்ன ஆச்சு சார், என்ன ஆச்சு சித்தப்பா என்று நாற்பது பேருக்கு மேல் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத விரலில் தெம்பில்லை. கதையும் கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

2024 டிசம்பர் முதல் வாரம் நினைவிருக்கும். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரைச் சூழ்ந்தது. எங்கள் தெருவில் நின்ற என் சின்னக் கார் இரண்டு நாள் பம்பர் வரை தண்ணீரில் கிடந்தது. வடிந்த பிறகு ஆயில் மாற்றினோம், சீட்டை வெயிலில் போட்டோம், சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. அப்பாடா என்று அத்தோடு மறந்துவிட்டேன்.

ஆனி மாதம் ஒரு கல்யாண வீட்டுக்காகச் சிதம்பரம் கிளம்பினோம். நான், வீட்டுக்காரி, ஒன்பது வயதுப் பேத்தி. ஆலப்பாக்கம் தாண்டும்போது பின் சீட்டிலிருந்து, "தாத்தா, வண்டி விசில் அடிக்குது" என்றாள். காற்றாக இருக்கும் என்று கண்ணாடியை ஏற்றினேன். "இல்ல தாத்தா, நீங்க வேகமாப் போனா சத்தமும் மேல ஏறுது, மெதுவாப் போனா இறங்குது." ரேடியோவை நிறுத்தி உற்றுக் கேட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரி நிதானமாகச் சொன்னாள்: "ஒரு மாசமா கேக்குதுங்க. உங்களுக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

திரும்பி வந்து கடலூரில் ஒரு பட்டறையில் காட்டினேன். பெல்ட் என்றார்கள், மாற்றினார்கள். பேத்தி ஏறி உட்கார்ந்ததும் "அப்படியேதான் இருக்கு" என்றாள். இன்னோர் இடத்தில் பானட்டைத் தூக்கிப் பார்த்த வேகத்தில், "ஆல்டர்னேட்டர் போச்சு, புதுசு போடணும், ஒன்பதாயிரம் ஆகும்" என்றார்கள். சொன்னவர் ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. பென்ஷன்காரனுக்கு ஒன்பதாயிரம் என்பது யோசிக்க வேண்டிய தொகை. சிதம்பரத்தில் இருக்கும் மைத்துனர், "பைபாஸ் பக்கம் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட கொண்டாங்க மாமா" என்றார். பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குக் கேட்காத சத்தத்தைக் காட்ட ஒரு காது வேண்டாமா?

பட்டறைக்காரன் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். "சார், என்னைத் தெரியுதா?" தெரியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளாற்றுக்கு வடக்கே நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தவனாம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், போடவில்லை. அவன் பேசும்போது கண்ணெடுக்காமல் என் வாயையே பார்த்தான். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

"பாப்பா, நீதான் இன்னிக்கு மீட்டர். சத்தம் மாறினா கையத் தூக்கு" என்று அவளை ஒரு ஸ்டூலில் தள்ளி உட்கார வைத்தான். என்னிடம், "சார், தோள்ல இருக்கிற துண்ட எடுத்துடுங்க, பெல்ட் இழுத்துக்கும்" என்றான். பள்ளிக்கூடத்தில் நான் போட்ட அதட்டல் தொனி அப்படியே இருந்தது.

வண்டியை ஸ்டார்ட் செய்து லேசாக ரேஸ் பண்ணினான். பேத்தி கை தூக்கினாள். கியர் போடாமல், நின்ற வண்டியிலேயே கேட்கிறது என்றால் சக்கரமும் கியர் பாக்ஸும் பெரும்பாலும் காரணமில்லையாம். பிறகு ஒரு கை தண்ணீரை ஓடுகிற பெல்ட்டின் மேல் தெளித்தான். பெல்ட் கத்தினால் ஈரம் பட்டதும் சத்தம் மாறும். மாறவில்லை. ஏசியைப் போட்டு நிறுத்தினான், மாறவில்லை. ஹெட்லைட், ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டான். பேத்தி எழுந்தே நின்றுவிட்டாள். "அதிகமாயிடுச்சு!"

கரண்டு கேட்கக் கேட்க ஆல்டர்னேட்டருக்குச் சுமை ஏறுகிறது. (சிதம்பரத்துப் பழைய ஆட்கள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள்.) இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் அது இரண்டு, மூன்று சுற்றுச் சுற்றும். அதனால்தான் அதன் பேரிங் கெட்டால் சத்தம் அவ்வளவு கீச்சென்று வருகிறது. ஆனாலும் அவன் முடிவு சொல்லவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் மட்டும் ஓட்டினான். இந்த வண்டியில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுகிறது, அதிக நேரம் விட்டால் இன்ஜின் சூடாகிவிடும். விசில் நின்றுபோனது. அப்படியென்றால் பெல்ட் சுற்றுகிற நாலைந்தில் ஒன்று. ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றச் சொன்னான். டென்ஷனர் வழவழ. வாட்டர் பம்ப் வழவழ. ஆல்டர்னேட்டர் மட்டும் மணலை அரைப்பதுபோல விரலில் தட்டியது.

பெல்ட்டை மாட்டி மறுபடி ஸ்டார்ட் செய்து, நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தான். முனையை ஆல்டர்னேட்டர் கூட்டின் மேல் வைத்தான். கைப்பிடியை, மற்ற மெக்கானிக்குகள் மாதிரி காதுத் துளையில் வைக்கவில்லை, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினான்.

ஏன் அங்கே என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்.

"சின்னப் புள்ளையிலேருந்து ரெண்டு காதுலயும் சீழ் சார். பறையில ஓட்டை. காத்துல வர்ற சத்தம் எனக்குப் பாதிதான். எலும்பு வழியா நல்லாக் கேக்கும். அத உங்க கிளாஸ்லதான் கண்டுபிடிச்சேன். நீங்க ஒலி பாடத்துக்கு இசைக்கவை கொண்டாந்தீங்க. எல்லாரும் கேக்குதுன்னாங்க, நான் கேக்கலன்னேன். இன்டெர்வெல்ல அத எடுத்துத் தட்டிப் பல்லுல வச்சேன். மண்டை பூரா கேட்டுச்சு சார்! நீங்க பாத்துட்டீங்க. அறிவியல் பெட்டிச் சாமான வாயில வைக்கிறியான்னு நாலு போட்டீங்க."

எனக்கு அது நினைவில் இல்லை. நிஜமாகவே இல்லை. கூப்பிட்டால் திரும்பாத பையன்களை, கேள்வி கேட்டால் விழிக்கிற பையன்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று நான் அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. அவர்களில் இவன் ஒருவன். முன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் போதும், அதுகூடத் தோன்றவில்லை. ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்து மதிப்பெண் வாங்கியவன் நான். பட்டறையில் அவனிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவன், "அட விடுங்க சார்" என்று ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தான்.

எலும்பில் வைத்தேன். பேத்தி சொன்ன விசில் அப்போதும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் கரகரவென்று ஓர் அரைப்பு, அம்மி ஓடுவதுபோல, தெளிவாகக் கேட்டது.

மல்டிமீட்டரில் 14 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது, ஆல்டர்னேட்டர் சாகவில்லை, பேரிங்தான். கழற்றிப் பிரித்தபோது முன் பேரிங்கில் கிரீஸே இல்லை, துருவும் வண்டலும்தான் இருந்தன. டிசம்பர் வெள்ளம் ஆறு மாதம் கழித்து வந்து விசில் அடித்திருக்கிறது. இரண்டு பேரிங்கும் மாற்றி, கூலியோடு 1,400 ரூபாய். கூலி வேண்டாம் என்றான், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அந்த வெள்ளத்தில் வண்டி நின்றவர்கள் ஒருமுறை புல்லிகளைக் கையால் சுற்றிப் பார்த்துவிடுங்கள், இன்ஜினை நிறுத்திவிட்டு.

மறுநாளே காது மருத்துவரைப் பார்த்தேன். அவரும் இசைக்கவையைத்தான் தட்டினார். காதருகே ஒருமுறை, பின் எலும்பில் ஒருமுறை. அடால்ஃப் ரின்னே என்ற ஜெர்மானியர் 1855-இல் சொன்ன சோதனையாம். எனக்குப் பறையில் கோளாறில்லை, உள்காது வயதாகிவிட்டது, உச்ச ஸ்தாயி இரண்டு பக்கமும் போய்விட்டது. மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதினேன்!

காது மெஷினுக்கு அளவு கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும். அதுவரை போனில் யாராவது பேசி நான் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். அந்த வகுப்பில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சிதம்பரம் போகும்போது அவன் பட்டறையில் ஒரு எட்டு நின்றுவிட்டு வாருங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.