ஒயிட்ஹாலில் எஞ்சிய மண்டபம்

லண்டனின் ஒயிட்ஹால் சாலையில், குதிரைக் காவல் படைக் கட்டடத்துக்கு எதிரே, வெளிர்நிறக் கல்லில் எழுந்த மாளிகை ஒன்று நிற்கிறது. பெயர் பாங்க்வெட்டிங் ஹவுஸ். மன்னரின் விருந்து மண்டபம். 1500க்கும் மேற்பட்ட அறைகளோடு பரந்து கிடந்த ஒயிட்ஹால் அரண்மனையில் முழுக் கட்டடமாக இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1698 ஜனவரியில், துணி உலர்த்தப் பணிப்பெண் ஒருத்தி மூட்டிய நெருப்பு பரவி அரண்மனையையே அழித்துவிட்டது. இந்த மண்டபம் தப்பியது பெரும் பேறு. இங்கிலாந்தில் அதிகாரம் மன்னரிடமிருந்து நாடாளுமன்றத்துக்குக் கைமாறிய வரலாற்றை இவ்வளவு நெருக்கமாகக் கண்ட கட்டடங்கள் மிகச் சில.

முதலாம் ஜேம்ஸுக்காக இனிகோ ஜோன்ஸ் இதை வடிவமைத்தார். 1622இல் பணி முடிந்தது. 110 அடி நீளம், 55 அடி அகலம், 55 அடி உயரம். உள்ளே நுழைபவர் கண்கள் தாமாகவே மேலே போகும். ஜேம்ஸின் மகன் முதலாம் சார்லஸ் 3000 பவுன் கொடுத்து ரூபன்ஸிடம் வரைந்து வாங்கிய ஓவியங்கள் 1636இல் கூரையில் பொருத்தப்பட்டன. நடுவிலுள்ள நீள்வட்ட ஓவியத்தில், கழுகின் துணையோடு ஜேம்ஸ் விண்ணேறுகிறார்; அருகில் நீதித் தேவதை. மன்னர் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கொள்கையை இதைவிட அழகாக யாரும் தீட்டியதில்லை.

ஓவியங்கள் கூரை ஏறிய அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் நாடாளுமன்றமே கூடவில்லை. 1629 முதல் 1640 வரை சார்லஸ் அதைக் கூட்டாமலேயே ஆண்டார். கடலோர ஊர்கள் போர்க்காலத்தில் கட்டிவந்த கப்பல் வரியை நாடு முழுவதற்கும் விரித்தார். ஸ்காட்லாந்தோடு போர் மூண்டு கஜானா காய்ந்தபோது, வேறு வழியின்றி உறுப்பினர்களை அழைத்தார். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே முற்றிய பிணக்கு 1642இல் உள்நாட்டுப் போராக வெடித்தது.

தோற்ற மன்னரை விசாரித்து, மரண தண்டனை விதித்தார்கள். 1649 ஜனவரி 30, கடுங்குளிர். நடுங்கினால் பயந்துவிட்டதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள் என்று சார்லஸ் இரண்டு சட்டைகள் அணிந்துகொண்டார். தந்தையின் புகழ் பாடும் அந்தக் கூரைக்குக் கீழே நடந்து, ஜன்னல் வழியாக வெளியே அமைத்திருந்த மேடைக்கு வந்தார். காலையிலேயே நிறைவேற வேண்டிய தண்டனை பிற்பகல்வரை தள்ளிப்போனது. அவர் தலை விழுந்தவுடன் இன்னொருவரை மன்னராக அறிவித்துவிடாதபடி நாடாளுமன்றம் அவசரமாகச் சட்டம் இயற்றிக்கொண்டிருந்தது. ஆளை வெட்டினாலும் அரியணை விழாது என்ற அச்சம் அவர்களுக்கே இருந்தது.

அச்சம் பலித்தது. குடியரசு பதினோரு ஆண்டுகள் நீடித்து, நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல்லின் ராணுவ ஆட்சியாக மாறி, கலைந்தது. 1660 மே 29 அன்று வெட்டுண்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் லண்டனுக்குத் திரும்பியபோது, இதே மண்டபத்தில்தான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அவரை வரவேற்றன.

கோடரியால் முடியாததைக் காகிதம் செய்தது. இரண்டாம் சார்லஸுக்குப் பின் ஆண்ட அவர் தம்பி இரண்டாம் ஜேம்ஸ் 1688இல் நாட்டைவிட்டு ஓடினார். 1689 பிப்ரவரி 13 அன்று அவர் மகள் மேரியும் மருமகன் வில்லியமும் இந்த மண்டபத்தில் நின்றார்கள். அவர்கள் முன்னால் உரிமைப் பிரகடனம் உரக்க வாசிக்கப்பட்டது. அதன் பிறகே மகுடம் அவர்களுக்கு வழங்கப்பட்டது. நாடாளுமன்றத்தின் சம்மதமில்லாமல் மன்னர் சட்டத்தை நிறுத்திவைக்கக் கூடாது, வரி விதிக்கக் கூடாது, அமைதிக் காலத்தில் படை வைத்திருக்கக் கூடாது என்றது பிரகடனம். ஆண்டு முடிவில் அது உரிமைச் சட்டமாயிற்று.

தண்டனை நடந்த இடத்தைத் தேடிவரும் பயணிகள் பலர் இந்த வாசிப்பை மறந்துவிடுகிறார்கள். உண்மையில் மண்டபத்தின் பெருமை அதில்தான் இருக்கிறது. படைக்கான பணத்தையும் அனுமதியையும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்திடம் கேட்க வேண்டிய நிலை வந்தபின், அதைக் கூட்டாமல் ஆள எந்த மன்னராலும் இயலவில்லை. இது மக்களாட்சி ஆகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவையில் இருந்தவர்கள் நிலக்கிழார்களும் செல்வந்தர்களும். பெண்களுக்கும் ஏழைகளுக்கும் வாக்கு கிடையாது. கத்தோலிக்கர் அரியணை ஏறவும் தடை.

மசோதாவை மறுக்கும் உரிமை இன்னும் மன்னரிடம் இருந்தது. 1708இல், ஸ்காட்லாந்து குடிப்படை மசோதாவுக்கு ஆன் அரசி ஒப்புதல் தர மறுத்தார். அதன் பின் இன்றுவரை, நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதா எதையும் எந்தப் பிரிட்டிஷ் மன்னரும் மறுத்ததில்லை.