எண்ணெயைக் குறைக்கும் ஏனம்

மனைவியின் இதயத்தைச் சோதித்த மருத்துவர், எண்ணெயில் பொரித்தவற்றை அறவே விலக்கச் சொன்னார். ஓய்வூதியத்தில் வாழும் இருவருக்கு 'ஏர் ஃப்ரையர்' தேவைதானா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

2010-ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் இப்பெயரில் ஒரு கருவியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. பெயரில் பொரிப்பு இருப்பினும் அது பொரிப்பதில்லை. மேலே சூடேற்றும் கம்பிச்சுருள், அதன்மேல் ஒரு விசிறி. சுடுகாற்றைச் சுழற்றும் சிற்றடுப்பே அது. இதனை அறிந்தோர்க்குத் தொடுதிரையும் வண்ண விளக்குகளும் வீண்செலவு என்பது விளங்கும். வெப்பத்திற்கு ஒன்று, நேரத்திற்கு ஒன்று என இரு திருகுகள் போதும்.

லிட்டர் கணக்கையும் அப்படியே நம்பிவிடலாகாது. மீன் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் காற்று புகாது. மீன் வேகுமேயன்றி முறுகாது. ஆகவே கூடையின் ஆழத்தையன்று, அடித்தளத்தின் பரப்பையே நோக்க வேண்டும். 1,500 வாட் கருவி 20 நிமிடம் இடைவிடாது இயங்கினாலும் அரை யூனிட் மின்சாரமே செலவாகும். ஆனால் 6 ஆம்பியர் பிளக் அதனைத் தாங்காது. 16 ஆம்பியர் வேண்டும். கூடை தனியே விலைக்குக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அதன் பூச்சு உரிந்துவிட்டால், நன்கு இயங்கும் கருவியையும் ஒதுக்க நேரிடும்.

பஜ்ஜி அதில் ஆகாது, மாவு ஒழுகிவிடும். (கடைக்காரர்கள் இதனைத் தாமாகச் சொல்வதில்லை!)

இரு திருகுகளும் சதுரக் கூடையும் உடையதையே வாங்கினேன். தொடுதிரைக்குக் கொடாமல் மிஞ்சிய தொகை, மனைவியின் அம்மாத மருந்துக்குப் போயிற்று.